தாத்தாவைக் கதிரையில இருத்தாதீங்க

"கண்ணு தெரியாம எங்க போறீங்க? சும்மா இருங்க." உடப்பில எங்கட வீடுகள்ல தாத்தாமாருக்கு நாங்க அடிக்கடி சொல்ற வசனம் இது. அக்கறையிலதான் சொல்றோம். ஆனா அந்த மனுஷன்ட நாள் ஒரு பிளாஸ்டிக் கதிரையோட முடிஞ்சு போகுது.

முதல்ல கிளினிக்குக் கூட்டிப் போகணும். வெள்ளை படர்ந்திருந்தா சத்திரசிகிச்சையில் பார்வை பெரும்பாலும் திரும்பும். குளுக்கோமாவில் போனது திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். "வயசானா அப்படித்தான்" என்பது எங்கட சோம்பல். 2024இல் லான்செட் ஆணைக்குழு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் கவனிக்காமல் விட்ட பார்வை இழப்பையும் சேர்த்தது. தனிமை ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கு.

பார்வை திரும்பாதவர்? கரைவலையை நினைச்சுப் பாருங்க. கயிறு கைக்குத் தெரியும். மடி நிறைஞ்சு வருதா என்பது பாரத்தில தெரியும். எல்லாரும் ஒரே மூச்சில இழுக்க அம்பாப் பாட்டு; ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவாங்க. இதில எதுக்குக் கண் கட்டாயம்? உழவு இயந்திரம் வலை இழுக்கிற கரைகளில் அந்தப் பாட்டுக்கு வேலையில்லை. அதை முழுசாத் தெரிஞ்ச கிழவர்களோ வீட்டுக்குள்ள. ஃபோனில பதிவுசெய்யலாம், நல்லதுதான். அதைவிட, வாடிக்குக் கூட்டிப் போங்க. மணலில் நடக்க ஒரு தோள் போதும்.

ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் பூமிதிப்புக்கும் "சனம் நெரியும்" என்று அவரை விட்டுட்டுத்தான் போறோம். நேரத்தோட போய் ஓரமா ஒரு இடம் பிடிச்சா, யார் யார் வந்திருக்காங்க என்று குரலை வைச்சே எங்களுக்குச் சொல்லுவார்.