நோய் ஒன்றும் வரம் இல்லை

"நல்லவங்களுக்குத்தான் சோதனை வரும்."
"எல்லாம் நன்மைக்கே."
"கஷ்டப்பட்டவங்கதான் நல்லா எழுதுவாங்க."

கடந்த மூன்று வருடங்களில் இதில் ஏதாவது ஒன்றைக் கேட்காத வாரமே எனக்குக் கிடையாது. சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுமே தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு இருப்பது லூபஸ். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கும் நோய். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும். மூட்டு வலி, எழுந்திருக்க முடியாத அசதி... வெயில் பட்டால் இன்னும் மோசம். (நான் ஏன் எப்போதும் குடையோடு காலேஜ் வருகிறேன் என்று கேட்ட அத்தனை பேருக்கும் பதில் இதுதான்!) மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். அவ்வளவுதான்.

நோயால் பக்தி வந்த கதை என்றதும் நமக்கு ஞாபகம் வருபவர் அப்பர். 7ஆம் நூற்றாண்டுக்காரர். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தவர், சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரைத் தேடி வருகிறார். கோயிலில் முதல் பதிகம் பாடுகிறார், வலி போகிறது என்கிறது பெரியபுராணம். "பார்த்தியா, நோய்தான் அவரைக் கடவுளிடம் கூட்டிக்கொண்டு வந்தது" என்பார்கள்.

சரி. அந்தப் பதிகத்தை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். நோய்க்கு ஒரு நன்றிகூட அதில் இல்லை. வயிற்றை முறுக்குகிறது, தாங்க முடியவில்லை, விலக்கிவிடு என்று சாமியிடம் நேருக்கு நேர் முறையிடுகிறார். அந்தப் புலம்பலைத்தான் இன்றைக்கும் தேவாரம் என்று கோயில்களில் பாடுகிறோம். பக்தி என்றால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போவது என்று யார் சொன்னது?

அப்பருக்கு வலி போய்விட்டது. போகாதவர்கள் என்ன செய்வது?

அங்கேதான் எனக்கு பிளானரி ஓகானர் வருகிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து எழுத்தாளர். அவருக்கு 15 வயதாக இருந்தபோது, 1941இல், அப்பா லூபஸால் இறந்தார். 25 வயதில் அதே நோய் அவருக்கும் வந்தது. பிறகு அம்மாவோடு ஒரு பண்ணை வீட்டில், மயில்கள் வளர்த்துக்கொண்டு, ஊன்றுகோல்களோடு வாழ்ந்தார். காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் எழுத முடியும். அதற்கு மேல் உடம்பு விடாது. அப்படியே இரண்டு நாவல்கள், உலகம் இன்றும் படிக்கும் சிறுகதைகள். 1964இல் 39 வயதில் இறந்தார்.

கவனியுங்கள், அவர் பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கர். முதல் நாவலை எழுத ஆரம்பித்ததும் நோய்க்கு முன்னால்தான். நம்பிக்கையையும் எழுத்தையும் நோய் கொடுக்கவில்லை. நேரத்தைத்தான் பிடுங்கிக்கொண்டது.

1958இல் உறவினர் வற்புறுத்தியதால் பிரான்சில் உள்ள லூர்து மாதா கோயிலுக்குப் போனார். அந்த நீரில் குளித்தால் நோய் தீரும் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அங்கே அவர் வேண்டிக்கொண்டது தன் எலும்புகளுக்காக இல்லையாம். எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக! இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நாவல் 1960இல் வெளிவந்தது.

நான் பி.காம். படிக்கிறவள், அதனால் என் பாஷையில் சொல்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிக்சட் காஸ்ட் என்று ஒன்று உண்டு. பேக்டரியில் ஒரு பொருளும் உற்பத்தி ஆகாவிட்டாலும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். நோய் எனக்கு அந்த வாடகை. யாராவது வாடகைக்கு நன்றி சொல்வார்களா? அதைக் கட்டிய பிறகு கையில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

எனக்கு மிச்சம் சாயங்காலம் இரண்டு மணி நேரம். அதில்தான் கதை எழுதிப் பார்க்கிறேன். வலி அதிகமான நாளில் ஒரு வரி வராது. வலியிலிருந்து எழுத்து பிறக்கும் என்பவர்கள் வீங்கிய விரலால் பேனா பிடித்துப் பார்க்கட்டும். வலி கொஞ்சம் அசந்த நேரத்தில்தான் எழுத்து வருகிறது.

நம்பிக்கையும் எனக்கு அப்படித்தான். தெருமுனைப் பிள்ளையாரிடம் சில நாள் அப்பர் மாதிரி சண்டை போடுகிறேன். சில நாள் ஓகானர் மாதிரி, "இன்றைக்கு அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் கொடு" என்கிறேன். குணமாகிவிடும் என்ற உத்தரவாதம் எனக்கு இல்லை. முறையிட ஓர் இடமும் கேட்க ஒரு வேலையும் இருக்கிறது. நம்பிக்கை என்று நான் சொல்வது அதைத்தான்.

அதனால் நண்பர்களே, நாள்பட்ட நோயோடு இருப்பவர்களிடம் அதை வரம் என்று சொல்லாதீர்கள். எல்லோருக்கும் முன்னுதாரணமாக இருக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். "இன்னைக்கு உனக்கு எவ்வளவு நேரம் இருக்கு? என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். அது போதும்.