பழங்காசைத் துலக்கற்க

விளக்கைப் புளியிட்டுத் துலக்குதல் நம் இல்லங்களின் நல்வழக்கம். அதே கை பழஞ்செப்புக் காசின்மீது செல்லுமாயின், அது வரலாற்றுக்கு இழைக்கும் கேடாகும் என்பது எம் துணிபு.

ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசொன்றை நோக்குக. ஒருபுறம் நிற்கும் மனிதவுருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி. அதன்கீழ்த் தமிழெழுத்திற் ‘சேது’ என்னும் சொல். யாழ்ப்பாண அரசு 1619 இல் வீழ்ந்தது. அதன் சான்று இவ்விரண்டெழுத்தில் இன்றும் நிற்கின்றது. புளியின் அமிலம் மேற்படையைக் கரைக்கும். சாம்பல் எழுத்தின் விளிம்பைத் தேய்க்கும். பளபளப்பு எஞ்சும், சான்று மறையும். காசைத் தரம்பிரிப்போர் நோக்குவது உருவும் எழுத்தும் எத்துணை தேயாதுள்ளன என்பதையே. துலக்கிய காசை அவர் தாழ்த்தியே மதிப்பர்.

கரும்பச்சையாய் இறுகிய களிம்பு காசுக்குக் கவசம். வெளிர்பச்சைத் தூளாய் உதிர்வதோ நோய். உப்பும் ஈரமுங் கூடிச் செம்பை அரிப்பதன் அடையாளம். கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் அஞ்சத்தக்கது இதுவே. அத்தகைய காசைப் பிரித்து, ஈரமற்ற இடத்தில் வைத்து, அறிந்தாரிடங் காட்டுக. ஏனையவற்றை விளிம்பிற் பிடித்தெடுத்துத் தனித்தனி உறையிலிட்டுக் கிடைத்த இடத்தை உறைமேல் எழுதுக.

பழைய மாணவர் பலரின் வீட்டுப் பெட்டகங்களில் இக்காசுகள் உறங்குதல் கூடும். அவற்றைத் துலக்காது கல்லூரிக்கு ஈவராயின், நம் மாணவர் வரலாற்றைக் கையிலேந்திக் கற்பர்.