வட்டியில்லா வங்கிக்கு வட்டிக்கடைத் தராசு

கோவையில் மார்ச் மாதம் வந்துவிட்டால் பைண்டிங் கடைக்காரர்களுக்குத் தீபாவளி. எம்.பி.ஏ., எம்.காம். இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வரிசையில் நிற்பார்கள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, உள்ளே ஐந்து அத்தியாயம். அறிமுகம், முந்தைய ஆய்வுகள், நிறுவன வரலாறு, பகுப்பாய்வு, முடிவுகள். நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மோட்டார் பம்பு கம்பெனிக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

இந்த அச்சில் வார்க்கவே கூடாத தலைப்பு ஒன்று உண்டு. 'இஸ்லாமிய வங்கிகளின் நிர்வாகமும் செயல்திறனும்'.

கேட்பதற்குக் கனமான தலைப்பு. வேலையோ சுலபம். மலேசியா, வளைகுடா வங்கிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து வருடக் கணக்கை எக்ஸெலில் போட்டு, 'கேமல்' முறையில் மூலதனம், சொத்தின் தரம், நிர்வாகம், வருமானம், பணப்புழக்கம் என்று விகிதங்களைப் பிழிந்தெடுத்தால் இருபது அட்டவணை தேறும். கடைசியில் எந்த வங்கிக்கு முதலிடம் என்று ஒரு வரி. முடிந்தது ஆய்வு.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தராசே தப்பு.

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது. ஆனால் வியாபாரத்துக்கும் லாபத்துக்கும் தடையில்லை. ஆகவே இஸ்லாமிய வங்கி கடன் கொடுத்து வட்டி வாங்குவதற்குப் பதில், ஒன்று பொருளை வாங்கி விற்க வேண்டும், அல்லது வாடகைக்கு விட வேண்டும், அல்லது தொழிலில் பங்காளியாகச் சேர வேண்டும். வங்கி முதல் போட, மற்றவர் உழைப்பைப் போட, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது முளாரபா. இருவரும் முதல் போட்டு லாப நஷ்டம் இரண்டையும் பகிர்வது முஷாரகா. பொருளை வாங்கி, விலையில் லாபத்தைச் சேர்த்து, தவணைக்கு விற்பது முராபஹா.

திருப்பூர்க்காரர் ஒருவருக்கு ஒரு லட்ச ரூபாயில் ஓவர்லாக் மெஷின்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வங்கி 12 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கும். முராபஹாவில் வங்கியே மெஷினை வாங்கி 1,12,000 ரூபாய்க்கு அவருக்கு விற்கும். ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டுகிறார் என்றால் இரண்டிலும் கட்டுவது ஒரே தொகை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மெஷின் வங்கியின் கையில் இருக்கும்போது சேதமானால் நஷ்டம் வங்கிக்கு. தவணை தாமதமானால் பேசிய விலையை ஏற்றி வங்கி சம்பாதிக்க முடியாது. இதுவே முஷாரகாவாக இருந்து தொழில் படுத்துவிட்டால், வங்கியும் தன் பங்குக்குச் சேர்ந்து படுக்க வேண்டும்.

இப்போது கேமல் முறைக்கு வரலாம். ஒரு வங்கி பங்காளித் தொழில் பக்கமே போகாமல், பத்திரமான முராபஹாவை மட்டும் செய்கிறது. இன்னொரு வங்கி தைரியமாகத் தொழில்களில் பங்கு சேர்கிறது. சில தொழில்கள் படுக்கின்றன. விகிதக் கணக்கில் யாருக்கு முதலிடம்? முதலாவது வங்கிக்குத்தான். எந்தக் கொள்கைக்காக இந்த வங்கிமுறை உருவானதோ, அதைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறதோ அவ்வளவு மார்க்! வட்டிக்கடைத் தராசில் எடை போட்டால் வட்டிக்கடை மாதிரி இருப்பதுதான் கனமாகத் தெரியும்.

மூலதன விகிதத்தின் கதையும் இதேதான். சாதாரண வங்கியில் டெபாசிட் என்பது திருப்பித் தந்தே ஆக வேண்டிய கடன். இஸ்லாமிய வங்கியின் முதலீட்டுக் கணக்கில் போட்ட பணம், விதிப்படி நஷ்டத்திலும் பங்கு கொள்ள வேண்டிய பணம். அதைக் கடனாகவும் எண்ண முடியாது, மூலதனமாகவும் எண்ண முடியாது. இந்தச் சிக்கலுக்காகவே கணக்கியல் விதிகள் வகுக்க 1991இல் பஹ்ரைனில் ஓர் அமைப்பும், மேற்பார்வை விதிகள் வகுக்க 2002இல் கோலாலம்பூரில் ஓர் அமைப்பும் தொடங்கப்பட்டன. இத்தனை பேர் உட்கார்ந்து பேசிய பிரச்சினையை எக்ஸெல் ஒரே நிமிடத்தில் தீர்த்துவிடுகிறது :-)

'முந்தைய ஆய்வுகள்' அத்தியாயமும் சளைத்ததல்ல. "2008 பொருளாதார நெருக்கடியில் இஸ்லாமிய வங்கிகள் அசையாமல் நின்றன" என்ற வாக்கியம் ரிப்போர்ட்டிலிருந்து ரிப்போர்ட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். 2010இல் ஐ.எம்.எப். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைத்தான் சொன்னது, ஆனால் பாதிதான் இது. 2008இல் இஸ்லாமிய வங்கிகளின் லாபம் மற்றவற்றைவிடக் குறைவாக அடிபட்டது என்றும், 2009இல் சில நாடுகளில் மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்தது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அந்த 2009 டிசம்பரில்தான் துபாயின் நகீல் நிறுவனம் தன் சுகூக் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் தடுமாறி, அபுதாபி கொடுத்த உதவியால் தப்பியது. முதல் பாதியை மட்டும் காப்பியடிப்பது ஆய்வு அல்ல, விளம்பரம்.

"இந்தியாவில்தான் இஸ்லாமிய வங்கியே இல்லையே, வெளிநாட்டுக் கணக்கைத்தானே எடுக்க முடியும்?" நியாயமான கேள்வி. 1949ஆம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கி பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக்கூடாது என்கிறது. முராபஹா அங்கேயே முட்டிக்கொள்கிறது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிமுறைக்கு இடம் தரச் சொன்னது. ஆனால் ரிசர்வ் வங்கி அதை மேலே கொண்டுபோகப் போவதில்லை என்று 2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. கேரளாவில் அரசு நிறுவனத்தின் பங்களிப்போடு தொடங்கிய முயற்சியை எதிர்த்த வழக்கை 2011இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கேயும் பிறந்தது வங்கி அல்ல, நிதி நிறுவனம்தான்.

வங்கி இல்லை, சரி. விஷயம் இல்லையா?

கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை எல்லாம் கல்லூரிகளிலிருந்து ஒரு பஸ் தூரம். ஜமாஅத்துகளின் பைத்துல்மால் என்றால் என்ன, வட்டியில்லாத 'அழகிய கடன்' யாருக்குக் கொடுக்கப்படுகிறது, எத்தனை பேர் திருப்பித் தருகிறார்கள், தராதவரை என்ன செய்கிறார்கள்? வட்டி வேண்டாம் என்பவர் வங்கியில் தன் கணக்கில் ஏறும் வட்டியை என்ன செய்கிறார்? தொழிலுக்குப் பணம் எங்கே புரட்டுகிறார்? இதையெல்லாம் நேரில் கேட்டு எழுதிய நாற்பது பக்கம், ஆண்டறிக்கையைக் கடைந்த இருநூறு பக்கத்தைவிடப் பெரிது.

முஸ்லிம் வீடுகளோடு நிற்கவும் வேண்டாம். ஷரத் சாரி திருப்பூரில் ஆய்வு செய்து 2004இல் 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற நூலை வெளியிட்டார். விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள் உழைப்பையே முதலாக்கி, கூட்டுத் தொழிலில் சேர்ந்து பனியன் முதலாளிகளான கதை அது. பணம் ஒருவர், பாடு ஒருவர், லாபம் இருவருக்கும் என்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. அது முளாரபாவுக்கு எவ்வளவு பக்கம், எங்கே வேறுபடுகிறது, நஷ்டம் வந்தபோது யார் சுமந்தார்கள்? அரபுப் பெயர் வைத்தால் ஆய்வு, பங்காளிக் கணக்கு என்றால் ஊர்க்கதை என்று ஒதுக்கினால் எப்படி?

அப்படியும் வெளிநாட்டு வங்கிதான் வேண்டும் என்றால் பக்கத்து இலங்கையில் அமானா வங்கி இருக்கிறது. 2011 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அங்கே ஒரு நல்ல சோதனை தானாகவே அமைந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டியே தொடாத வங்கியின் லாப விகிதம் அப்போது என்ன ஆனது? வட்டியோடு சேர்ந்து ஏறியதா? ஏறியது என்றால் ஏன்? இந்த ஒரு கேள்வி ஒரு முழு ஆய்வுக்குப் போதும்.

"இது மாணவர் ப்ராஜெக்ட்தானே, இவ்வளவு எதற்கு?" என்பவர்கள் கொஞ்சம் சுற்றிப் பார்க்கட்டும். 2019இல் பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தது. ஹலால் முதலீடு என்று நம்பி நகையை விற்றும், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுத்தும் பணம் போட்ட பல்லாயிரம் பேர் தெருவில் நின்றார்கள். இதற்கு மதம்தான் காரணம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெருந்துறை ஈமு கோழிக்கு எந்த மதம்? திருப்பூர் பாசி ஃபாரெக்ஸுக்கு எந்த வேதம்? இந்த மாதிரி கம்பெனிகளை இனம் காண ஒரே கேள்வி போதும்: வியாபாரம் எப்படிப் போனாலும் மாதாமாதம் இவ்வளவு நிச்சயம் என்கிறார்களா? லாபத்தில் பங்கு என்றால் தொகை ஏறி இறங்கியே தீரும். ஏறி இறங்காத 'லாபம்' வட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் மோசடியாக இருக்கும். இஸ்லாமிய வங்கியியலை ஒழுங்காகப் படித்த ஒரு மாணவர் தன் தெருவில் இதை எடுத்துச் சொன்னால் எத்தனை வீடுகள் தப்பும்!

நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி எல்லா வங்கிக்கும் உண்டு. கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட்தாரர்கள் தப்பினார்கள். பங்குதாரர்களுக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. 318 கோடி ரூபாய்ப் பத்திரங்களும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. செயல்திறன் என்பது நல்ல வருடத்தில் எவ்வளவு லாபம் என்பது மட்டுமல்ல. கெட்ட வருடத்தில் யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்பதும்தான்.

"ஜமாஅத்தில் கணக்குத் தரமாட்டார்கள், கைடு ஒத்துக்கொள்ள மாட்டார், நேரமில்லை" என்பார்கள். கணக்குத் தராவிட்டால் கடன் வாங்கியவர் பேசுவார். முப்பது பேரிடம் உட்கார்ந்து பேச ஒரு மாதம் போதும். ஐந்து புள்ளிக் கேள்வித்தாளைக் காம்பஸில் சுற்றவிட்டு, இஸ்லாமிய வங்கியின் வாசலையே மிதித்திராத 150 பேரிடம் 'திருப்தியா, மிகவும் திருப்தியா' என்று டிக் வாங்குவதற்கும் அதே ஒரு மாதம்தான் ஆகிறது. கைடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணத்தைக் கேட்க வேண்டும். பழக்கமில்லை என்பது காரணமாகாது.

அடுத்த வருடம் இந்தத் தலைப்பை எடுக்கப் போகிறவர்கள் விகிதங்களைத் தொடுவதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் தேடட்டும். மொத்தப் பணத்தில் எவ்வளவு பங்காளித் தொழிலில் போயிருக்கிறது? லாப விகிதம் சந்தை வட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறதா? தவணை கட்ட முடியாதவருக்கு என்ன நடந்தது? நஷ்டம் வந்த வருடத்தில் பணம் போட்டவர் பங்கு எவ்வளவு குறைந்தது? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் ரிப்போர்ட்டைச் சாதா ஸ்பைரல் பைண்டிங்கில் கொடுத்தாலும் போதும். படிக்க ஆள் இருக்கும்.