கெட்டில் கொதித்தால் போதுமா?

அங் மோ கியோவில் என் பாட்டியின் மூவறை வீட்டுச் சமையலறையில் ஒரு சாக்கெட். பல ஆண்டுகளுக்கு முன்பு மாமாவே மாற்றிப் பொருத்தியது. அதில்தான் பாட்டியின் எவர்சில்வர் கெட்டில் தினமும் கொதித்தது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் ‘ஆர்சிசிபி’ பொருத்தவேண்டும் என்று விதி வந்ததே, அந்த வேலைக்காக வந்த மின் ஊழியர் ஒவ்வொரு சாக்கெட்டையும் சோதித்தார். இதன் முன் நின்றுவிட்டார். கழற்றிக் காட்டினார். எர்த் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் மடங்கிக் கிடந்தது.

கெட்டிலுக்குள் மின்கம்பி ஒன்று கழன்று உலோகத்தைத் தொட்டிருந்தால், எர்த் கம்பி வழியே பாய்ந்து ஃபியூசை எரித்திருக்க வேண்டிய மின்சாரம், பாட்டியின் கைக்காகக் காத்திருந்திருக்கும். மாமா எதுவும் பேசவில்லை.

நானும் பேசவில்லை. பொறியியல் படிக்கிற நான், காணொளி பார்த்து என் அறை சாக்கெட்டை இடம் மாற்றத் திட்டமிட்டிருந்தேன். மூன்று கம்பி, மூன்று திருகாணி, இதற்கு ஓர் ஆளா என்பது என் கணக்கு. வீட்டு மின்கம்பி வேலைகளை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் செய்யவேண்டும் என்பது வெறும் கெடுபிடியாகத் தெரிந்தது.

இப்போது அப்படித் தெரியவில்லை. எர்த் இல்லாமலும் கெட்டில் கொதிக்கும். திருகாணி தளர்ந்திருந்தாலும் விளக்கு எரியும். மாதக்கணக்கில் உள்ளே சூடேறும். ‘வேலை செய்கிறது’ என்பது பாதுகாப்புக்குச் சான்றே இல்லை. கெட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். உடல் வழியே அதில் நூறில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவு கசிவைச் சாதாரண பிரேக்கர் கண்டுகொள்ளாது. 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபிதான் கண்டுபிடிக்கும். நாம் காசு கொடுப்பது திருகாணி முடுக்குவதற்கன்று, சோதித்துப் பார்ப்பதற்கு.

அந்தக் காசு சிறிதல்ல, உண்மைதான். ஒரே ஒரு சாக்கெட்டுக்கு ஆள் கிடைப்பதும் சிரமம். மாமா போன்றவர்கள் ஸ்குரூடிரைவரை எடுப்பது அதனால்தான். ஆனால் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லி வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பல்பு மாற்றுவது, பிளக்கில் சரியான ஃபியூஸ் போடுவது, மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துவது: இவற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே செய்யவைத்துக் கற்றுத்தரலாம். உங்கள் வீட்டில் அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியுமா?

போன வாரம் எங்கள் வீட்டில் அழுத்தினேன். ‘டக்’கென்று எல்லாம் அணைந்தது. கணினி விளையாட்டில் வெல்லவிருந்த தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.