பெரிய வியாழன் இரவும் கைப்பேசிப் பாஸ்காவும்



பென்னாகரத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். தவக்காலம் முழுவதும் வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும் மட்டுமே. மூத்த மகள் கைப்பேசியில் யூதர்களின் பாஸ்கா விருந்தைக் காட்டும் படமொன்றைக் கண்டுவிட்டு, "இவ்வாண்டு பெரிய வியாழனன்று இயேசு உண்டதைப் போலவே நாமும் உண்போம், அம்மா" என்று பிடிவாதம் செய்கிறாளாம். செய்யலாமா? செய்வதானால் எதை நம்பிச் செய்வது? இவையே அத்தாயின் கேள்விகள்.

மகளின் ஆவல் நல்ல ஆவலே. பாஸ்கா கோவிலில் தொடங்கிய விழா அன்று. வீட்டில் தொடங்கிய விழா. முன்பு யாத்திராகமம் என்றும் இப்பொழுது விடுதலைப் பயணம் என்றும் நாம் வாசிக்கும் நூலின் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குடும்பத்துக்கு ஓர் ஆட்டுக்குட்டி. சிறிய குடும்பமாயின் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். "இச்சடங்கின் பொருள் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் விடை கூறவேண்டும். கைப்பேசியைத் திறப்பதற்கு முன் இதைத் திறப்பது நலம்.

யூதக் குடும்பங்கள் இதனை இன்றும் காத்துவருகின்றன. பாஸ்காவுக்கு முன் வீட்டின் மூலைமுடுக்குகளில் புளித்த மாவின் துணுக்கு ஒன்றும் எஞ்சாதபடி துப்புரவு செய்கின்றனர். கோதுமை மாவில் நீர் பட்டதும் 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுத்தாலன்றி அது புளிப்பற்ற அப்பமாகாது. இரவு விருந்தில் கடைக்குட்டிப் பிள்ளையே கேள்விகளைத் தொடங்கும். கசப்புக் கீரை அடிமைத்தனத்தின் நினைவு. இனிப்புக் குழைவு, அடிமைகள் பிசைந்த செங்கல் மண்ணின் நினைவு. யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்து உண்ணும் அயலாரைக் கண்டு வளர்ந்த நம் தருமபுரிப் பிள்ளைகளுக்கு, நாவினால் கற்பிக்கும் இம்முறை புதிதாயிராது.

இதைக் காணக் கடல் கடக்கவேண்டியதுமில்லை. கொச்சியில் 1568-இல் கட்டப்பெற்ற யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அங்கே வாழ்ந்த யூதப் பெண்கள் பாஸ்காவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே அரிசியை மணி மணியாகப் பொறுக்கி, விழாவுக்கென்றே தனிப் பாத்திரங்களை ஒதுக்கி வைப்பர். 1950-களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர். புனே நகரில் 1874-இல் எபிரேயமும் மராத்தியும் சேர்த்து அச்சிடப்பட்ட பாஸ்கா நூலொன்றில், சேலையுடுத்திய பெண்கள் அப்பம் தயாரிக்கும் படம் உண்டு. இன்று இணையத்தில் அப்படத்தைக் காணலாம், மகளுக்குக் காட்டுங்கள். செஃபாரியா என்னும் இணைய நூலகத்தில் பாஸ்கா இரவு நூல் முழுவதும் எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மகள் தமிழாக்கிச் சொல்ல, தாய் கேட்கலாம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். "இயேசு உண்டது இவ்வாறே" என்று பறைசாற்றும் படங்களை நான் நம்புவதில்லை. இன்றைய விருந்து முறை, கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் யூத மறைநூலறிஞர் படிப்படியாக அமைத்தது. நற்செய்தியாளர் யோவானோ, அந்த இராவுணவு பாஸ்காவுக்கு முந்தியது என்றே குறிக்கிறார். மேலும், இது ஒரு மக்களின் உயிருள்ள வழிபாடு. அதைப் பிறர் நாடகமாக நடித்து, இடையிடையே நம் செபங்களைச் செருகுவது முறையன்று. அமெரிக்க ஆயர்களின் திருவழிபாட்டுக் குழு 1988-லேயே இவ்வாறு எச்சரித்துள்ளது. யூத அயலார் அழைத்தால் விருந்தினராய்ச் செல்லலாம். அழைப்பின்றி அவர்கள் இருக்கையில் அமரலாகாது.

அப்படியானால் மகளுக்கு என்ன சொல்வது? நமக்கு மிக அருகிலேயே நம்முடைய வழக்கமொன்று உண்டு. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் வீட்டிலேயே பெசகா அப்பம் செய்கிறார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து, மாவைப் புளிக்கவிடாமல், குருத்தோலை ஞாயிறன்று கொணர்ந்த ஓலையால் சிலுவை செய்து மேலே வைத்து ஆவியில் வேகவைப்பர். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பால் காய்ச்சுவர். செபத்துக்குப் பின் குடும்பத்தின் மூத்தவர் அப்பத்தைப் பிட்டு, வயது முறைப்படி அளிப்பார். அவ்வாண்டில் இறப்பு நிகழ்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர். என்னை மிகவும் நெகிழச் செய்வது இந்தக் கடைசி வழக்கமே.

நம் வீடுகளில் இதனை மேற்கொள்ளத் தடையேதுமில்லை. இட்லிப் பானை போதும். மாலைத் திருப்பலிக்கும் நற்கருணை ஆராதனைக்கும் குடும்பமாகச் சென்று திரும்பியபின் செய்யுங்கள். இது நற்கருணையன்று, குடும்ப அன்பின் அப்பம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். அதிகாரத்தை மகள் வாசிக்கட்டும். சிறியவன் கேள்வி கேட்கட்டும். விடையாக எகிப்தை மட்டும் சொல்லவேண்டுமென்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் தாத்தா எப்படிக் குடும்பத்தைக் காத்தார், அப்பா முதன்முதல் எந்த ஊருக்கு மூட்டை கட்டினார் என்பவற்றையும் சொல்லலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் அத்தாய், "அவருக்குச் சனிக்கிழமைதான் விடுப்பு" என்று எழுதியிருக்கிறார். கேட்டதைவிடக் கனமான கேள்வி இதுவென்று எனக்குப் படுகிறது. 2020-இல் கோவில்கள் மூடிக்கிடந்தபோது பெரிய வியாழனும் யூதப் பாஸ்காவும் ஒரே வாரத்தில் வந்தன. தனித்துக் கிடந்த முதியோர் பேரப்பிள்ளைகளின் கேள்விகளைக் கைப்பேசித் திரையில் கேட்கலாமா என்று இஸ்ரயேலில் பெரும் விவாதம் எழுந்தது. ரபிகள் சிலர் அவ்வாண்டின் இடர் கருதி இசைந்தனர். தலைமை ரபிகள் மறுத்தனர். அவர்களுடைய ஓய்வுநாள் சட்டம் நமக்கில்லை. ஆகவே, அம்மா, கைப்பேசியைச் செம்பின்மேல் சாய்த்து, அப்பத் தட்டுக்கு எதிரே வையுங்கள். சிறியவன் கேட்கட்டும்; விடையைப் பெங்களூரிலிருந்து அப்பாவே சொல்லட்டும். அவருடைய பங்கை மூடி வைத்தால், புளிக்காத அப்பம் சனிக்கிழமை வரை தாங்காது; அவர் வந்ததும் புதிதாக ஒன்று வேகவைத்துக்கொள்ளுங்கள்.