ஓர் ஒட்டகம் தோற்றபோது...

 

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கட்டார் நாட்டில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாட்கள். காலிறுதி ஆட்டங்கள் முடிந்து அரையிறுதி தொடங்கவிருந்த வேளையில் ஒரு தாய் என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார். அவருடைய மகன் என்னிடம் ஓதுகின்ற பிள்ளை.

"மௌலவி, எண்ட மகனும் எண்ட நானாட மகனும் ஒரே சஹன்ல சாப்பிட்டு வளந்த புள்ளைகள். இப்ப நாலு நாளா ஒருத்தரோட ஒருத்தர் பேச்சில்ல. கேட்டா, பிரேஸில் தோத்ததுக்கு மச்சான் சிரிச்சானாம். உண்டியல்ல கிடந்த ஐநூறு ரூபாயையும் காணல்ல. இந்த டீவிய வித்துடட்டுமா மௌலவி?"

அரிசியும் பருப்பும் விலையேறிக் கிடந்த வருடம் அது. ஐநூறு ரூபா ஓர் ஏழைத் தாய்க்குச் சிறிய தொகையல்ல. ஆனால் அவர் கண்கலங்கியது பணத்திற்காக அல்ல. பேச்சு நின்றுபோன அந்த இரு பிள்ளைகளுக்காக.

தொலைக்காட்சியை விற்கச் சொல்வது எனக்கு இலகு. ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்கிறதா? பெருநாள் தினமொன்றில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளை வைத்து விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் போதும் என்று திரும்பும்வரை, தம் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள். பிரயாணமொன்றில் அன்னையாரோடு ஓட்டப் போட்டியும் வைத்தார்கள். முதல் தடவை அன்னையார் முந்தினார்கள். பிறிதொரு காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். முந்திவிட்டு, அன்றைக்கு இது ஈடு என்று புன்னகையோடு சொன்னார்கள். விளையாட்டைப் பார்ப்பதும் விளையாடுவதும் நம் இல்லங்களுக்கு அந்நியமானவையல்ல. அப்படியானால் அந்தத் தாயின் வீட்டில் நுழைந்த கேடு எது?

முதலாவது, எதிர்வுகூறல். அடுத்த ஆட்டத்தில் யார் யாரைச் சந்திப்பார், எத்தனை கோல் விழும் என்று பேசுவது இரசிகர்களின் வழமை. ஓர் அணியின் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட்டு அபிப்பிராயம் சொல்வதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகள் எப்படிச் சொல்கிறார்கள்? "வல்லாஹி, பிரேஸில்தான் கிண்ணம் எடுக்கும்!" நாளை நடக்கவிருக்கும் பந்தாட்டத்திற்கு அல்லாஹ்வின் திருநாமத்தைச் சாட்சியாக இழுப்பதா?

2010ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் நீர்வாழ் உயிரினக் காட்சியகமொன்றில் போல் என்ற எண்கால் கணவாய் ஒன்று இருந்தது. இரண்டு நாட்டுக் கொடிகள் ஒட்டிய பெட்டிகளில் இரை வைப்பார்கள். எதை முதலில் திறக்கிறதோ அந்த அணி வெல்லும் என்பார்கள். எட்டு ஆட்டங்களும் அதன்படியே முடிய, உலகமே அதன் பின்னால் ஓடியது. தமது நாடு தோற்கும் என்று அது காட்டியபோது, அதைக் கறியாக்கித் தின்ன வேண்டும் என்று கொதித்த இரசிகர்களும் இருந்தார்கள். படித்த நாட்டு மக்களின் நிலை இது! நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என ஸூரா லுக்மானின் கடைசி வசனம் நமக்கு அறிவித்திருக்கிறது. கட்டாரில் நடந்ததையே பாருங்கள். 2022 நவம்பர் 22இல் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அதே ஆர்ஜென்டீனா, டிசம்பர் 18இல் கிண்ணத்தைத் தூக்கியது. முதல் ஆட்டத்தோடு "இவர்களின் கதை முடிந்தது" என்றவர்கள் எத்தனை பேர்!

இரண்டாவது, பந்தயம். எதிர்வுகூறலின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இது வீட்டுக்குள் வருகிறது. "நீ சொல்றது சரியெண்டா ஐநூறு வெய்" என்று தொடங்குகிறது. சூது என்றால் சீட்டுக்கட்டும் குதிரையும் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒருவன் பணம் போய் மற்றவன் பணம் கூடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காத எல்லாப் பந்தயமும் சூதுதான். அது வகுப்பறையில் இரண்டு சிறுவர்களுக்கிடையில் நடந்தாலும் சரியே. ஸூரா அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். மதுவையும் சூதையும் கொண்டு ஷைத்தான் நாடுவது என்னவென்று அங்கே சொல்லப்படுகிறது. உங்களுக்கிடையில் பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்குவது. அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுப்பது. அந்தத் தாயின் முறைப்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு நாளாகப் பேச்சில்லை என்றாரே, அது பகைமையல்லவா? தொழுகையைப் பற்றி நான் விசாரித்தபோது, சுபஹுக்கு எழும்புவதில்லை என்ற பதிலும் வந்தது.

மூன்றாவது, தோல்வியைத் தாங்கத் தெரியாமை. இதில் நானும் குற்றவாளி என்பதை மறைக்க மாட்டேன்.

அவ்வருடம் மொரோக்கோ அணி ஸ்பெயினைத் தண்ட உதையில் 3-0 என்று வென்றது. போர்த்துக்கலை 1-0 என்று வென்றது. ஆபிரிக்க நாடொன்றோ அரபு நாடொன்றோ அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. வெற்றிக்குப் பின் வீரர்கள் ஸுஜூதில் விழுந்ததையும், ஸுபியான் புபால் தன் தாயோடு மைதானத்தில் மகிழ்ந்தாடியதையும் கண்டு நெகிழாத முஸ்லிம் வீடு எது? பிரான்ஸுடனான அரையிறுதி நம் நாட்டு நேரப்படி டிசம்பர் 15 அதிகாலை 12.30க்கு ஆரம்பமானது. மாணவர்களிடம் நேரத்தோடு உறங்குங்கள் என்று உபதேசித்த நான், சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கோல். 79ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 2-0. சுபஹ் ஜமாஅத்தில் ஒரு ரக்அத் தவறியது. வீட்டுக்கு வந்து, தேநீரில் சீனி குறைவென்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். பிரான்ஸ் அடித்த இரண்டு கோலுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

அன்று காலை வகுப்பில் பிள்ளைகள் வாடிய முகத்தோடு இருந்தார்கள். "இஸ்லாமிய அணி தோற்றுவிட்டதே ஹஸ்ரத்" என்றான் ஒருவன். அப்போதுதான் புஹாரியில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபியவர்களிடம் அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. எந்த ஒட்டகமும் அதை முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி இளம் ஒட்டகமொன்றில் வந்து அதை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்கு அது தாங்க முடியாத கவலையாயிற்று. தம் நபியின் ஒட்டகமல்லவா! அந்தக் கவலையை நபியவர்கள் அறிந்துகொண்டார்கள். இவ்வுலகில் உயர்ந்துவிட்ட எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று ஆறுதல் சொன்னார்கள். வென்ற கிராமத்தவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அங்கே இல்லை. தோழர்களின் கவலையை ஏளனம் செய்யவும் இல்லை.

மாணவனிடம் சொன்னேன்: "மகன், மொரோக்கோ வென்றால் இஸ்லாம் வென்றது என்றால், அவர்கள் தோற்கும்போது இஸ்லாமும் தோற்றதாகிவிடுமே! தீன் பந்தில் இல்லை. தோற்ற பிறகும் அவ்வீரர்கள் மைதானத்தில் ஸுஜூது செய்தார்களே, அதில் பார்."

வீரர்கள் பகைத்துக்கொள்ளவில்லை, சகோதரிகளே. மொரோக்கோவின் அஷ்ரப் ஹகீமியும் பிரான்ஸின் எம்பாப்பேயும் ஒரே கழகத்தில் விளையாடிய நண்பர்கள். ஆட்டம் முடிந்ததும் கட்டியணைத்துச் சட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதே இரவில் பிரான்ஸின் மொன்பெலியே நகரத் தெருவில், இரசிகர்களின் ஆரவாரத்துக்கும் மோதலுக்கும் நடுவே, 14 வயதுச் சிறுவன் ஒருவன் வாகனம் மோதி உயிரிழந்தான். அவனுக்கும் ஓர் உம்மா இருந்திருப்பார் அல்லவா?

ஆகவே அந்தத் தாயிடம் தொலைக்காட்சியை விற்க நான் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. வீட்டின் ஒழுங்கை நீங்கள் வகுத்துக்கொள்ளுங்கள். இஷா தொழுத பிறகுதான் ஆட்டம். நடுநிசி ஆட்டமென்றால் முடிவைக் காலையில் அறிந்துகொள்ளலாம். சுபஹ் தவறினால் அந்த ஜமாஅத் திரும்பி வராது. எதிர்வுகூறும் பிள்ளைக்கு, "என் எண்ணம் இது, அல்லாஹ்வே அறிந்தவன்" என்று சொல்லப் பழக்குங்கள். பந்தயம் டொபியளவிலும் வேண்டாம். தோற்ற அணிக்காக அழும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அருகில் இருங்கள். அள்பாவின் கதையைச் சொல்லுங்கள். வென்ற அணியின் பக்கம் நின்றவனிடம் போய் ஸலாம் சொல்ல அனுப்புங்கள். நாளை பரீட்சையிலும் தொழிலிலும் திருமணத்திலும் சறுக்கல் வரும்போது, இந்தச் சிறிய தோல்விகளில் பழகிய மனம்தான் அவனைத் தாங்கும்.

அந்தத் தாய் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். டிசம்பர் 18 ஞாயிறு, இறுதிப் போட்டி இரவு 8.30க்கு. நானா குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பிள்ளைகள் இருவருக்கும் வேண்டுமென்றே ஒரே சஹன் வைத்தார். ஆரம்பத்தில் இருவரும் தத்தம் பக்கத்துச் சோற்றை மட்டும் பார்த்து உண்டார்களாம். ஆட்டத்தில் ஆர்ஜென்டீனா 2-0 என்று முன்னணியில் இருக்க, 80ஆவது நிமிடமும் அதற்கடுத்த நிமிடமும் எம்பாப்பே இரண்டு கோல் அடித்தார். "டேய் மச்சான், பாத்தியா!" என்று இரண்டு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. மேலதிக நேரமும் முடிந்து 3-3. தண்ட உதையில் 4-2 என்று ஆர்ஜென்டீனா வென்றபோது, இருவரும் தோளில் தோள் சாய்த்து இருந்தார்களாம். மறுநாள் ஐநூறு ரூபா உண்டியலுக்குத் திரும்பியது.

யார் கிண்ணம் எடுத்தார் என்பதைக் காலம் மறக்கடித்துவிடும். தோற்ற இரவில் உம்மா எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பிள்ளை மறக்க மாட்டான். வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.