முதல்ல கதைப்பம், பிறகு போனை எடுப்பம்

செஸ் கேம் முடிஞ்ச கையோட இரண்டு பேரும் போனைத் தூக்குறது இப்ப எங்கட கம்பஸில வழமையாப் போச்சு. நகர்த்தல்களை அடிச்சுப் போட்டால் இன்ஜின் தீர்ப்புச் சொல்லும்: இதில பிழை, இதில பெரும் பிழை, துல்லியம் இவ்வளவு வீதம். முன்னால இருந்து இரண்டு மணித்தியாலம் மண்டையை உடைச்ச மனிசனோட ஒரு வசனம் கதைக்கிறேல்ல. எனக்கு இது பிடிக்கேல்ல.

போன மாதம் பார்த்த ஆட்டம் ஒண்டு. இரண்டு பேரும் கிளப் மட்டத்தில ஆடுற ஆக்கள். கடைசியில வெள்ளையிடம் ராஜா, கோட்டை, ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜாவும் கோட்டையும். சிப்பாய் ராணியாகிற கட்டத்திலேயே கறுப்பு ராஜா மறிச்சு நிக்குது. இதுக்கு பிரெஞ்சுக்காரரான பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே வழி காட்டிப் போட்டார். உன்ர பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில கோட்டையை வைத்து, எதிரி ராஜாவை உள்ளே வர விடாதே. சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறினதும், கோட்டையைப் பலகையின் மற்ற அந்தத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் குடு. சிப்பாய்க்கு முன்னால ஒளிய ராஜாவுக்கு இனி இடமில்லை. ட்ரோ.

கறுப்பு ஆடின அண்ணாவுக்கு பிலிடோரைத் தெரியாது. மணிக்கூட்டில மிச்சம் இரண்டு நிமிஷம். கோட்டை சும்மா நிக்குதெண்டு அதை வரிசையை விட்டு இறக்கினார். வெள்ளை ராஜா உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில தன்ர ராஜாவைத் தப்பான பக்கம் ஒதுக்கினார், தோற்றார்.

இப்ப இன்ஜினைப் பாருங்கோ. கோட்டை இறங்கின பிறகும் அது 0.00தான் காட்டினது. ஏனெண்டால் அப்பவும் ட்ரோ எடுக்கலாம், இனி ஒருத்தரும் பிழை விடாட்டி. சிவப்புக் குறி விழுந்தது ராஜா ஒதுங்கினதுக்கு மட்டும். ஆனா பிழை விடுற மனிசருக்கு அந்த இரண்டு 0.00உம் ஒண்டில்லை. முதலாவதில காவல் நிண்டால் போதும், இரண்டாவதில ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்குப் பார்க்கவேணும். ஆட்டம் கைமாறினது கோட்டை இறங்கின இடத்தில. அதைச் சொன்னது வெள்ளை ஆடின பெடியன்தான், அதுவும் கன்டீனில பிளேன்ரீ குடிக்கேக்க: "அண்ணா, உங்கட கோட்டை அங்க நிக்கும்வரை எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்ல."

இன்ஜின் வேண்டாமெண்டில்லை. 1997இல் கஸ்பரோவையே டீப் புளூ வென்றபிறகு அதோட வாதாட நான் ஆர்? ஆனா 'துல்லியம் 60 வீதம்' எண்டதைப் பார்த்துட்டு அடுத்த கிழமை வராமல் விட்ட முதலாம் வருசப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிட்ட "அந்த இடத்தில என்ன யோசிச்சனி?" எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. கிளப்காரர் அடுத்த போட்டிக்கு ஒரு விதி போடட்டும்: கேம் முடிஞ்சு பதினைஞ்சு நிமிஷம் காய்களைத் திருப்பி அடுக்கி இரண்டு பேரும் கதைக்கவேணும், போன் அதுவரை பையுக்குள்ள.